வலது காலுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

ஒன்பது வயதில் எனக்கு ஊர் ஜனங்களைக் கால்களாகத்தான் தெரியும். முகம் பிறகு வரும். பித்தவெடிப்பு ஓடிய கால், மிஞ்சி தேய்ந்த கால், சேறு காய்ந்து சாம்பல் பூத்த கால், ஒரு விரல் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கால். விடிந்ததும் ஊருணிக் கரையில் வேப்பங்குச்சியோடு நின்று, குடமும் இடுப்புமாக இறங்கி வருகிறவர்களின் பாதங்களை உற்றுப் பார்த்து, "ம், போங்க" என்று அனுப்புகிற உத்தியோகம் எனக்கு. சம்பளம் கிடையாது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சிவப்புத் துணித் துண்டு மட்டும் உண்டு. அதைக் குத்திய நாளிலிருந்து என் கழுத்து ஓர் அங்குலம் நீண்டுவிட்டதாகப் பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கறம்பக்குடிக்குத் தெற்கே இருந்தது எங்கள் ஊர். செம்புறாங்கல் பூமி. கிணறு தோண்டினால் கடப்பாரைதான் தேயும், தண்ணீர் கண்ணில் படாது. ஊர் முழுக்கக் குடித்தது ஒரே ஓர் ஊருணியை. ஐப்பசி மழைக்குத் தளும்பி நிற்கும். மாசியில் பச்சைக் கண்ணாடியாகக் கிடக்கும். ஆனி பிறக்கும்போது நடுவில் ஒரு பாய் விரித்த அளவுக்குச் சுருங்கி, வானத்தில் பாதியைக்கூடக் காட்ட இடமில்லாமல் தவிக்கும். எங்களை வளர்த்தது அந்தத் தண்ணீர்தான். எங்கள் கால்களுக்கு நரம்புச் சிலந்தியைக் கொடுத்ததும் அதுதான்.

குழாய் வந்துவிட்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு நரம்புச் சிலந்தியை விளக்கித்தான் சொல்ல வேண்டும். கணுக்காலிலோ பாதத்திலோ ஒரு கொப்புளம் எழும். நெருப்புக் கங்கை ஒட்டவைத்ததுபோல் எரியும். எரிச்சல் பொறுக்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் கொப்புளம் உடையும், உள்ளே இருக்கிற புழு தலையை நீட்டும். வெள்ளை நூல் போல இருக்கும், நீளம் முழக்கணக்கு. அவசரப்பட்டு இழுத்து அறுத்துவிட்டால் கால் வீங்கிப் புரையோடிவிடும். ஈர்க்குச்சியில் இன்றைக்கு ஒரு சுற்று, நாளைக்கு ஒரு சுற்று என்று பொறுமையாகச் சுற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். கோடை முடிவதற்குள் தெருவுக்கு நாலு பேர் காலில் குச்சியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் அதை நாங்கள் நோய் என்று நினைத்ததில்லை. புழுதி வரும், மாம்பழம் வரும், சிலந்தி வரும். அது ஒரு பருவம், அவ்வளவுதான்.

அப்படியில்லை என்று சொல்ல ஒருவர் சைக்கிளில் வந்தார். யுத்த காலம் அது. ஓர் ஆவணி மாதத்துப் பகலில் சமஸ்தானத்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, கண்ணாடிக் குவளையில் ஊருணித் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீருக்குள் தூசிகள் துள்ளின. ஒன்று, பத்து, எண்ண முடியாதவை.

"இதுக்குப் பேரு நீர்த்தெள்ளு. சிலந்திக் குஞ்சு இது வயித்துல இருக்கு. இதை நீங்க குடிச்சா குஞ்சு உங்க வயித்துக்கு வரும். அங்கேருந்து மெள்ள, அவசரமே இல்லாம, காலைப் பார்த்து நடக்கும். ஒரு வருஷம் நடக்கும்" என்றார்.

ஒரு வருஷம்! வகுப்பு மொத்தமும் தன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

எங்கள் வாத்தியார் யுத்தச் செய்தியை ஒன்றுவிடாமல் வாசிக்கிறவர். ஒரு பாடத்தை வெறும் பாடமாக விட்டுவிட அவருக்கு மனம் வராது. மறுநாளே ஊருணிக் காவல் படை பிறந்துவிட்டது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்துக் காவல் நிற்க வேண்டும். தண்ணீர் ஓரத்தில் ஒரு பட்டைக் கல் போட்டார்கள். கால் நனையாமல் அதில் நின்று எட்டி மொள்ள வேண்டும். காலையில் சிலேட்டு எடுப்பதற்கு முன்னால் எல்லாரும் எழுந்து நின்று ஒப்பிப்போம்:

"தண்ணீரில் கால் வைக்காதே. நாலு மடிப்புத் துணியில் வடிகட்டாமல் குடிக்காதே. புண்ணை மறைக்காதே. இன்று குடித்தால் அடுத்த ஆண்டு வரும்."

கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் ஊருணியில் இறங்கியவர்கள் பெயர், மற்றதில் புண் உள்ளவர்கள் பெயர். திங்கட்கிழமைதோறும் வாத்தியார் விசாரித்து எழுதுவார். இரண்டாம் கட்டத்தில் பெயர் வந்தவர்களைத் தண்ணீர்ப் பக்கம் வராதபடி ஊரே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் பலகையில் பெயர் வந்த ஒரு கிழவர் பள்ளிக்கூட வாசல் வழியாக நடப்பதையே நிறுத்திவிட்டு, வயக்காட்டைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அதையும் நாங்கள் படையின் வெற்றி என்றே எண்ணினோம்.

அப்பா பினாங்கில் இருந்தார். யுத்தம் வந்தபின் கடிதமும் இல்லை. அம்மாவும் நானும் மாமா வீட்டில் இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. உயரமானவர், சத்தமாகச் சிரிப்பவர், யாரையாவது சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. நான் சாயங்காலம் விளக்கடியில் உட்கார்ந்து பாடத்தை ஒப்பிப்பேன். மாமா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே அதை அப்படியே பாட்டாக இழுப்பார். "இன்று குடித்தால்... அடுத்த ஆண்டு வரும்..." மாடுகூடத் தலையை ஆட்டும். எனக்கு அழுகை வரும்.

"மாமா, இது வெளையாட்டு இல்ல."

"ஆமாங்க மருமகளே. படைத்தலைவி சொன்னா சரிங்க. தவிட்டையும் நாலு மடிப்புத் துணியில வடிகட்டிரவா?"

அந்த வீட்டில் அப்போது யாரும் தண்ணீரை வடிகட்டவில்லை. துணி கிடைக்காத காலம். உடுத்தவே இல்லாதபோது குடத்துக்கு ஏது என்று அம்மா கேட்டாள். என் பாடம் விளக்கடியோடு நின்றது.

மாமாவின் கல்யாணக் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியம்மா சொல்லிச் சொல்லித் தேய்த்த கதை இது. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மா மாமாவுக்கு மூத்த அக்காள். அவள் வாயிலிருந்து எந்தச் செய்தியும் மிளகாய் தடவாமல் வெளியே வந்ததில்லை. இன்ஸ்பெக்டர் வந்ததற்கு மூன்று மாதம் முந்தி, வைகாசிக் கடைசியில் எங்கள் அம்மன் திருவிழா. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் உறவுக்காரர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தாள். தேர் பார்த்து நின்றவள், வெயில் தாங்காமல் எங்கள் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டாள்.

"பானையில தண்ணி இருக்கு. எடுத்துக் குடுத்தா ஆச்சு. இவன் என்ன செஞ்சான் தெரியுமா? பித்தளைச் செம்பத் தூக்கிக்கிட்டு ஊருணிக்கு ஓடுறான்! புதுத் தண்ணி மொண்டாந்து குடுக்குறாராம் தொரை! அவளும் ஒரு செம்புத் தண்ணியையும் கீழ வைக்காம அண்ணாந்து குடிச்சா. இவன் அதப் பார்த்துக்கிட்டே நின்னான். அன்னைக்கு விழுந்தவன்தான், இன்னும் எந்திரிக்கல."

பெண் கேட்டுப் போனபோது பெண்ணின் அப்பா இழுத்தார். அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லா, வெள்ளைக்காரன் சீமை. எங்களுடையது சமஸ்தானம். ஆனால் அவருடைய தயக்கம் அதில் இல்லை.

"எங்க ஊருல ஆழக் கிணத்துத் தண்ணிங்க. சிலந்தின்னா எங்க பிள்ளைகளுக்கு என்னன்னே தெரியாது. உங்க ஊருத் தண்ணிக்குப் பொண்ணக் குடுக்கணுமேன்னுதான் யோசனையா இருக்கு" என்றாராம்.

மாமா நாலு முறை நடந்து அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். ஆனால் பெரியம்மா அந்தப் பேச்சை முந்தானையில் முடிந்துகொண்டாள். தண்ணீரைக் குறை சொன்னால் அவள் தாங்கமாட்டாள். வரட்டும், அந்த ஊர்க் காலையும் பார்க்கிறேன் என்று காத்திருந்தாள்.

மறு வருஷம் ஆனி முதல் முகூர்த்தத்தில் பெண் வீட்டில் கல்யாணம். எனக்கு இரண்டு காட்சிகள்தான் நினைவிருக்கின்றன. பந்தலில் ஒரு வாழைப்பூவை வண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அம்மி மிதிக்கும்போது மாமா மிஞ்சி போடக் குனிந்தார். வலது காலுக்குச் சட்டென்று போட்டுவிட்டார். இடது காலைப் பிடித்தவர் பிடித்தபடியே இருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"விடுறானா பாருங்கடி! வீட்டுக்கு வந்து பிடிச்சுக்கடா தம்பி, கால் எங்கயும் ஓடிப் போயிராது" என்று பெரியம்மா குரல் கொடுக்க, பந்தலே சிரித்தது. மாமா நிமிர்ந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. சிரித்தார். ஆனால் சத்தமில்லாமல் சிரித்தார்.

மறுநாள் பாதி வழி பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸிலும் மீதி வழி மாட்டு வண்டியிலுமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். அதற்கடுத்த நாள் காலைதான் முதல் குடம்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. புது மருமகள் வெற்றிலையும் மஞ்சளும் பூவும் தண்ணீரில் விட்டு, கணுக்கால் நனைய ஊருணியில் இறங்கி, முதல் குடம் மொள்ள வேண்டும். ஊர்த் தண்ணீர் காலில் ஏறினால்தான் அவள் ஊரோடு ஒட்டுவாள். நிறைந்த குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைக்க மாப்பிள்ளை கரையில் நிற்க வேண்டும். இதற்கு வாத்தியாரே சலுகை கொடுத்திருந்தார். "கல்யாணத்துக்குக் குறுக்க நிக்காதீங்க. புண்ணு இல்லாத கால்னா ஒரு நாளைக்கு விட்டுருங்க." அன்று எனக்குக் காவல் இல்லை, கல்யாண வீட்டுப் பெண் என்று விடுமுறை. தெற்குத் தெருப் பையன் ஒருவன் என் இடத்தில் நின்றான்.

பூத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். புது அத்தை தனியாக இருந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. இடது கொலுசை மேலே தள்ளிவிட்டு, நீர் நிறைந்த பித்தளைக் குடத்தின் வயிற்றில் கணுக்காலை ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். குளிர்ச்சிக்கு. மஞ்சளை அப்பியிருந்தாள். ஆனால் பத்து மாதமாகக் கால்களையே படித்தவளுக்கு மஞ்சளுக்குள் இருப்பது தெரியாதா? குன்றிமணியைவிடப் பெரிதாக, பளபளவென்று, உடையக் காத்திருந்தது கொப்புளம்.

அவள் கண்ணைத் திறந்தாள். நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தாள். சட்டென்று கொலுசைக் கீழே இழுத்துவிட்டாள்.

"முள்ளுக் குத்திருச்சு ஆத்தா" என்றாள்.

"அது சிலந்தி" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருதாணி வைத்த கை, அனலாகக் கொதித்தது. "சொல்லிராத கண்ணு. ஒங்க பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா எங்கப்பா தலை நிமிர முடியாது. நாலு நாள்தானே, நான் எப்படியாச்சும் மறைச்சுக்கிறேன்."

"தண்ணியில காலை வச்சீங்கன்னா அது உடைஞ்சுரும். குஞ்செல்லாம் ஊருணிக்குள்ள போயிரும். ஊரே குடிக்கும்."

"வைக்காம எப்படி? எல்லாரும் பார்ப்பாங்களே."

வெளியே குலவைச் சத்தம் எழுந்தது. "என்னடி, பூ வைக்கிறீங்களா, பூந்தோட்டம் வைக்கிறீங்களா?" என்று பெரியம்மாவின் குரல் கதவுக்கு வந்துவிட்டது. அத்தை எழுந்து நின்றாள். வலியை முகத்திலிருந்து துடைத்துவிட்டுப் புன்னகையை எடுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவு வேகமாக ஒருவர் முகத்தை மாற்றி நான் பார்த்ததில்லை.

வீட்டிலிருந்து ஊருணிக்குக் கூப்பிடு தூரம்தான். அன்றைக்கு அது எனக்கு மிக நீளமாகவும் இருந்தது, மிகக் குட்டையாகவும் இருந்தது. சொன்னால் அத்தையின் பெயர் சுண்ணாம்புக் கட்டியில் கரும்பலகைக்குப் போகும், வந்த வாரத்திலேயே. அதற்கு முன்பே பெரியம்மாவின் முந்தானை முடிச்சு அவிழும். சொல்லாவிட்டால் ஊருணி. பாய் விரித்த அளவு தண்ணீர். அதை நம்பி அத்தனை வீடு, அத்தனை கால். முன்னால் கொலுசு நடந்தது, ஜல், ஜல். இடது கால் மட்டும் தரையை அரை நொடி குறைவாகத் தொட்டது. எனக்கு மட்டும்தான் அது தெரிகிறது என்று நினைத்தேன்.

பட்டைக் கல் வறண்ட தரையில் கிடந்தது. தண்ணீர் அதைவிட்டு நாலு முழம் பின்வாங்கிப் போயிருந்தது. பெண்கள் அரைவட்டமாக நின்றார்கள். மாமா வெள்ளை வேட்டியில், தோளில் துண்டோடு, கரையில் நின்றார். வழக்கமான கேலி எதையும் காணோம். அத்தை வெற்றிலையைத் தண்ணீரில் விட்டாள். மஞ்சளை விட்டாள். பூவை விட்டாள். கொசுவத்தைச் சற்றே தூக்கினாள்.

தெற்குத் தெருப் பையன் கையிலிருந்த வேப்பங்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நான் குறுக்கே போய் நின்றேன்.

"இறங்கக் கூடாது."

குலவை பாதியில் நின்றது. பெரியம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஏன்டி?"

ஏன் என்று சொல்ல முடியாதே. தெரிந்த காரணம் ஒன்றுதான், அதைச் சொல்லக் கூடாது.

"நான் விடமாட்டேன்" என்றேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பெரியம்மா கையைத் தட்டினாள். "அடி ஆத்தி! மாமனைக் கொத்திக்கிட்டுப் போயிட்டாளேன்னு மறிக்கிறாடி! முறைக்காரி மறிக்கிறா!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பக்கம் முறைப்பெண்கள் வாசலில் மறித்துப் பரிசு கேட்பது உண்டு. அதை ஊருணிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். என் காது கொதித்தது. நான் காவல் படை, பொறாமைக்காரி இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. மாமாவைப் பார்த்தேன். அவராவது அதட்டி அடக்குவார் என்று.

மாமா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "மறிக்கட்டும், மறிக்கட்டும். அவ உரிமை அது. சொல்லு மருமகளே, என்ன வேணும் ஒனக்கு?"

அந்தச் சிரிப்புக்காக அவரை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்கு ஒரு வழியைத் திறந்தது.

"மொதக் குடம் நான்தான் மொள்ளுவேன். அத்தை அங்கிட்டுக் கரையிலயே நிக்கணும்."

"அப்ப அவ கால்ல எப்படிடி தண்ணி ஏறும்?" என்றாள் பெரியம்மா.

"நான் செம்புல மொண்டு ஊத்துறேன்."

"ரெண்டு காலும் நனைய ஊத்தணும், ஆமா."

அதை நான் யோசிக்கவில்லை. அப்போது மாமா சொன்னார். "வலது கால் போதும்க்கா. வலது காலை எடுத்து வச்சுத்தானே நம்ம வீட்டுக்குள்ள வந்தா? ஊருக்கும் அதே கால்தான்."

பெரியம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. மாப்பிள்ளை சொன்னால் மறுக்க முடியாத நாள் அது. மாமா பித்தளைச் செம்பை என்னிடம் நீட்டினார். ஊரையெல்லாம் காலை நனைக்காதே என்று விரட்டிய நான், சிவப்புத் துணித் துண்டு குத்திய சட்டையோடு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினேன். சேறு விரலிடுக்கில் வெதுவெதுப்பாகப் புகுந்தது. குடத்தை நிரப்பினேன், தூக்க முடியவில்லை. மாமா குனிந்து ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டார். பிறகு செம்பில் மொண்டு, மேட்டில் நின்ற அத்தையின் வலது பாதத்தில் ஊற்றினேன். சொட்டுக்கூட இடது பக்கம் போகவில்லை. அத்தை என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குலவை மறுபடி எழுந்தது.

திங்கட்கிழமை வாத்தியார் கேட்டார். "புதுசா யாருக்காவது புண்ணு இருக்கா?" எல்லாத் தெருவுக்கும் பதில் வந்தது. என் முறை வந்தது. "இல்லைங்க சார்" என்றேன். வாழ்க்கையில் நான் தெரிந்து சொன்ன முதல் பொய். சொன்னபிறகு நாக்கில் ஏதாவது கசக்கும் என்று காத்திருந்தேன், ஒன்றும் கசக்கவில்லை. "ஊருணியில இறங்கினது யாரு?" என்று அடுத்த கேள்வி. தெற்குத் தெருப் பையன் துள்ளி எழுந்தான். பலகையின் முதல் கட்டத்தில் என் பெயர் ஒரு வாரம் நின்றது. சிவப்புத் துணியையும் கழற்றிக்கொண்டார்கள். கழுத்து பழைய நீளத்துக்கு வந்துவிட்டதாகப் பெரியம்மா அறிவித்தாள்.

முள் குத்தியது என்பதே வீட்டில் நிலைத்தது. மாமாவே காலுக்குக் கட்டுப் போட்டார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல ஈர்க்குச்சியா ஒண்ணு கொண்டா. வழவழன்னு இருக்கணும்" என்றார். அத்தை அவரிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, நாளைக்கு ஒரு சுற்றாக, மாமா சுற்றினார். அவ்வளவு நேரம் அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. காலைக் கழுவிய தண்ணீரை ஊருணிப் பக்கமே கொண்டுபோகாமல், கொல்லை தாண்டி, கொதிக்கிற மணலில் தூரமாகக் கொண்டுபோய் ஊற்றினார். என் பாடத்தில் உள்ளபடியே செய்தார். ஆடி பிறப்பதற்குள் புழு குச்சியில் முழுசாகச் சுற்றி வந்துவிட்டது. அத்தை ஓடியாடி நடந்தாள்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் மனதில் உறுத்தியது. அத்தையின் அப்பா பெரிய பொய்யர். ஆழக் கிணறாம், சிலந்தி தெரியாதாம். எப்படி வாய் கூசாமல் சொன்னார்? யாரிடமும் சொல்லாமல் அந்த நல்ல மனிதரை நெடுநாள் பொய்யராகவே வைத்திருந்தேன். அவர் பலகாரப் பொட்டலத்தோடு மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

அத்தையின் கால் ஆறிய பிறகுதான் மாமா ஒரு காரியம் செய்தார். கல்யாண வேட்டியை எடுத்தார். யுத்தத்தில் துணிக்கு ஊரே அலைந்தபோது எங்கோ சொல்லி வைத்து வாங்கிய வேட்டி அது. நடுவில் பற்றி, சர்ரென்று கிழித்தார். பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கட்டுன வேட்டியக் கிழிக்கிறானே! பித்துப் பிடிச்சுப்போச்சாடா ஒனக்கு?" மாமா அதை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் குடிக்கிற ஒவ்வொரு சொட்டையும் அவரே வடிகட்டினார். ஆம்பளை அடுப்படியில் தண்ணீர் வடிக்கிறான் என்று தெருவே சிரித்தது. சிரித்த வீடுகளிலும் வருஷம் திரும்புவதற்குள் குடத்து வாயில் ஒவ்வொரு துணி ஏறிவிட்டது.

"இன்று குடித்தால் அடுத்த ஆண்டு வரும்." எத்தனை நூறு முறை ஒப்பித்திருப்பேன்! வைகாசித் திருவிழாவும், வெயிலும், தாகத்துக்கு அண்ணாந்து குடித்த ஒரு செம்புப் புதுத் தண்ணீரும் எனக்கு மனப்பாடம். ஒரு பக்கம் பாடம், ஒரு பக்கம் கதை. இரண்டையும் அந்த வயதில் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. தவிடு கலக்கிக்கொண்டே என் பாடத்தைக் கேலி செய்தவர், அம்மியடியில் அந்த இடது காலைக் கையில் பிடித்தபடியே இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

காலை நேரம். அத்தை சீரில் கொண்டுவந்த கண்ணாடி டம்ளர். மாமா வடிகட்டிய தண்ணீரை அதில் ஊற்றி, முற்றத்து வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடிப்பார். இன்ஸ்பெக்டர் பிடித்ததைவிட நெடுநேரம் பிடிப்பார்.

"ஏங்க, அதுல அப்படி என்னத்தத் தேடுறீங்க? கை வலிக்கல?" என்று அத்தை சிரிப்பாள்.

அவர் டம்ளரை அவளிடம் கொடுப்பார். அவள் அண்ணாந்து குடிப்பாள். கடைசிச் சொட்டு இறங்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பாடத்தை எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். மனதுக்குள் மாமாவுக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டுவிட்டு, விளையாட ஓடுவேன்.